சிறுவர் திரைப்பட முகாம்: படம் பிள்ளைகளுடையதாகவே இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி — கோடைக்கூடம்

வணக்கம். விடுமுறைக் கால முகாம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் குறும்படம் எடுக்கக் கற்றுத்தரும் பொறுப்பு இரண்டாம் முறையாக என்னிடம் வந்திருக்கிறது. ஒன்பது வயது முதல் பதின்மூன்று வயது வரை 16 பிள்ளைகள். பத்து நாள்கள், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். கைவசம் நான்கு கைப்பேசிகள், இரண்டு முக்காலிகள், இரண்டு மடிக்கணினிகள் இருக்கின்றன. துணைக்கு இரண்டு தன்னார்வலர்கள் வருகிறார்கள்.

சென்ற முறை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என் கேள்வி அதிலிருந்துதான் பிறக்கிறது. பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, கதை எழுதச் சொல்லி முதல் நான்கு நாள்களைக் கொடுத்தோம். விண்வெளிப் போர், கடத்தல், இரட்டையர், பேய் என்று கதைகள் வளர்ந்துகொண்டே போயின. ஆறாம் நாள் வரை ஒரு ஷாட்கூட எடுக்கப்படவில்லை. நிறைவு நாள் நெருங்கிய அச்சத்தில் பெரியவர்களாகிய நாங்கள் உள்ளே நுழைந்தோம். தன்னார்வலர்கள் வசனத்தைத் திருத்தினார்கள், யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி இரண்டு இரவுகளும் நான் விழித்திருந்து நான்கு படங்களையும் எடிட் செய்து முடித்தேன். திரையிட்டபோது பெற்றோர் எல்லாரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பத்து வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து, "நாங்கள் மழையில் எடுத்தது எங்கே?" என்று கேட்டாள். கேமரா மிகவும் ஆடியிருந்ததால் அதை நீக்கிவிட்டேன் என்றேன். "ஓடிக்கொண்டே எடுத்தோம், அதனால்தான் ஆடியது. அவள் பயந்து ஓடுகிறாள் அல்லவா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஓடுகிறவளின் கண்ணாகவே அவள் கேமராவைப் பிடித்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் படத்தில் முழுக்க முழுக்கப் பிள்ளைகளே யோசித்து எடுத்த காட்சி அது ஒன்றுதான். அதைத்தான் நான் வெட்டியிருக்கிறேன்.

இந்த முறை படங்கள் அவர்களுடையவையாக இருக்க வேண்டும். அதே சமயம் பத்தாம் நாள் முடிந்த படமாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் பாதியில் நின்ற படத்தோடு வீட்டுக்குப் போகும் பிள்ளையின் முகத்தையும் பார்க்க முடியாது. இரண்டையும் ஒருசேரச் சாதித்தவர்கள் இருந்தால், முகாமை எப்படி அமைத்தீர்கள், எந்த இடத்தில் பெரியவர்கள் கையை விலக்கிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகளும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் ஒரே குழுவில் இருப்பது சரிதானா என்பதிலும் எனக்குத் தெளிவு இல்லை.

மறுமொழி — கரும்பலகை

நான் பள்ளி ஆசிரியை. எட்டு விடுமுறைகளாகப் பிள்ளைகளோடு படம் எடுத்து வருகிறேன். நீங்கள் சொன்ன தவறை நானும் இரண்டு ஆண்டுகள் செய்தேன். பெரியவர்கள் உள்ளே நுழைவதற்கு அவர்களுடைய குணத்தைக் காட்டிலும் நேரப் பற்றாக்குறைதான் காரணம், அந்தப் பற்றாக்குறையோ கதையை முதலில் வைப்பதால் வருகிறது. தாளும் பேனாவும் கொடுத்தால் பிள்ளை தான் பார்த்த பெரிய படங்களையே திரும்ப எழுதும். கேமராவைக் கொடுத்தால்தான் தன் முன்னால் இருப்பதைப் பார்க்கத் தொடங்கும்.

ஆகவே முதல் நாள் கதையே வேண்டாம். சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் வாங்கித் திரையிட்ட பத்துப் படங்களும் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கு உட்பட்டவை. கேமராவை ஓரிடத்தில் ஊன்றி, நகர்த்தாமல், வெட்டாமல், ஏறத்தாழ 17 மீட்டர் ஃபிலிம் தீரும் வரை எடுத்த காட்சிகள் அவை. ஒன்றில் தொழிற்சாலைக் கதவு திறந்து வேலையாட்கள் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, முக்காலியில் கைப்பேசியைப் பொருத்தி, ஆளுக்கு ஒரு நிமிடம், ஒரே ஷாட், ஒரே வாய்ப்பு என்று விதியுங்கள். பாரிஸின் திரைப்படக் காப்பகமான சினிமாதெக் பிரான்சேஸ் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்தும் திட்டத்திலும் இந்தப் பயிற்சி உண்டு. ஒரே வாய்ப்பு என்றதும் எடுப்பதற்கு முன் இருபது நிமிடம் இடம் தேடி அலைவார்கள். கேமராவை எங்கே வைப்பது, எதற்காகக் காத்திருப்பது, எதைப் படச்சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) வெளியே விடுவது என்று தாங்களாகவே முடிவெடுப்பார்கள். என் வகுப்பில் ஒரு சிறுவன் காற்றில் ஆடும் கதவு ஒன்றின் முன்னால் முக்காலியை வைத்தான். முழு நிமிடமும் அந்தக் கதவு சாத்துவது போல வந்து சாத்தாமலே போய்க்கொண்டிருந்தது. பார்த்த பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநரின் வேலை என்னவென்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நாள், ஒரே செயலைத் தொலைவிலிருந்து ஒன்று, நடுத்தரத் தொலைவில் ஒன்று, குளோசப் ஒன்று என மூன்று ஷாட்களில் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள், எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவரிடமிருந்து மற்றவர் வரை தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, கேமரா அந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது என்று சொல்லி ஒரு முறையும், தாண்டி ஒரு முறையும் எடுக்கச் செய்யுங்கள். தாண்டி எடுத்ததைத் திரையில் பார்க்கும்போது, இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுவது போலத் தெரியும். 180 டிகிரி விதி என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதை அவர்களே சிரித்துக்கொண்டு கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதைக்கு நான்காம் நாள் வாருங்கள், ஆனால் வரம்புகளோடு வாருங்கள். படம் இரண்டு நிமிடம், பாத்திரங்கள் இருவர், இடம் ஒன்று, அதுவும் முகாமின் சுற்றுச்சுவருக்குள், வசனம் கிடையாது. ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அது எளிதில் கிடைக்கவில்லை என்ற அளவுக்குக் கதை இருந்தால் போதும். வசனத்தைத் தடுப்பது கொடுமையாகத் தோன்றலாம். வசனம் இருந்தால் பிள்ளைகள் ஒப்பித்துவிட்டு நிற்பார்கள், இல்லையென்றால் எதையாவது செய்துதான் ஆக வேண்டும், நடிப்பு அங்கேதான் பிறக்கிறது. ஸ்டோரிபோர்டுக்குப் பெரிய தாள் வேண்டாம். உள்ளங்கையளவு சீட்டுகளில் ஷாட்டுக்கு ஒன்றாகக் குச்சி மனிதர்களை வரைந்து சுவரில் ஒட்டச் செய்யுங்கள். சீட்டுகள் பதினைந்துக்கு மேல் போகக் கூடாது. எந்தச் சீட்டை எடுத்தால் கதை புரியாமல் போகிறது, எதை எடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை என்று அவர்களே நின்று வாதிடும் அந்த அரைமணி நேரத்தை எதற்காகவும் குறைக்காதீர்கள்.

குழுவுக்கு நால்வர். இயக்குநர், ஒளிப்பதிவாளர், நடிகர், கிளாப்பும் ஒலியும் பார்ப்பவர் என்று பொறுப்புகள் ஒவ்வொரு காட்சிக்கும் மாறிக்கொண்டே இருக்கட்டும். பெரியவர்களுக்கு ஒரே விதி: கேள்வி கேட்கலாம், கைப்பேசியைத் தொடக் கூடாது. "இங்கே நில்" என்று சொல்லத் தோன்றும் இடத்தில், "இங்கிருந்து பார்த்தால் அவள் முகம் தெரிகிறதா?" என்று கேட்டால் போதும், தெரியவில்லை என்றாலும், தெரியாமல் இருப்பதுதான் தங்களுக்கு வேண்டும் என்று அவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மறுமொழி — பின்வரிசை

கரும்பலகை அவர்கள் சொன்ன அனைத்திலும் ஒன்றே ஒன்றை மறுக்க விரும்புகிறேன். பன்னிரண்டு வயதில் நான் இப்படி ஒரு முகாமுக்குப் போனேன். பலர் முன்னால் பேச நேர்ந்தால் எனக்குக் குரலே எழாது. முதல் இரண்டு நாள்கள் கேமரா என்னிடம் இருந்தது, அந்த இரண்டு நாள்களில் அந்தக் குழுவிலேயே மிகவும் பயனுள்ள ஆளாக நான் இருந்தேன்; எந்த நேரத்தில் எந்தச் சன்னல் வழியாக வெளிச்சம் வரும் என்பது எனக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள் முறை மாறியது. நான் இயக்குநராகி "ஆக்‌ஷன்" என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

முறைவைத்து மாற்றுவது, எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும் ஒரு பிள்ளையிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் தனக்கு உரிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட பிள்ளையிடமிருந்து அந்த இடத்தையும் அது பறித்துவிடுகிறது. விருப்பம் இருந்தால் இருவர் தங்களுக்குள் பொறுப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வழி விட்டுவையுங்கள். நான் இன்று ஒளிப்பதிவு உதவியாளராக வேலை செய்கிறேன். அந்த முகாமின் முதல் இரண்டு நாள்கள்தான் அதற்குக் காரணம்.

மறுமொழி — கத்தரியும் பசையும்

நான் படத்தொகுப்பாளர். முந்தைய மறுமொழிகள் படப்பிடிப்பைப் பற்றிப் பேசிவிட்டன. பிள்ளைகளின் படம் அவர்கள் கையைவிட்டுப் போகும் இடம் பெரும்பாலும் எடிட்டிங் மேசைதான் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன். பத்து நாள் முகாமில் எடிட்டிங்கைக் கடைசி இரண்டு நாள்களுக்கு ஒதுக்குவதே வழக்கம், அதனால்தான் அது உங்களைப் போன்ற ஒருவரின் இரவுத் தூக்கத்தில் போய் முடிகிறது. எடிட்டிங்கை இரண்டாம் நாளே கற்றுக்கொடுங்கள். என்ன எடுக்க வேண்டும் என்பது, எடுத்ததை ஒட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தொடங்குவதற்கு ருஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவின் பெயரால் அறியப்படும் சோதனையைவிடச் சிறந்த பாடம் இல்லை. உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரே முகத்தை வெவ்வேறு பொருள்களுக்கு அடுத்து ஒட்டிக் காட்டினால், பார்ப்பவர் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் தாமே கண்டுகொள்கிறார். ஒரு பிள்ளையின் முகத்தைச் சும்மா பத்து விநாடி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு உடைந்த பொம்மை, அசையும் காலி ஊஞ்சல், மூடிய பெட்டி என்று மூன்றை எடுத்து, அந்த முகத்தோடு மாற்றி மாற்றி ஒட்டச் சொல்லுங்கள். "நான் ஒன்றுமே நடிக்கவில்லையே" என்று அந்தப் பிள்ளை வியக்கும்போது, அர்த்தம் இரண்டு ஷாட்களுக்கு நடுவே உண்டாகிறது என்பது எல்லாருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிடும்.

படப்பிடிப்பின்போது சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் எடிட்டிங்கில் பாதி வேலை குறையும். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடிக்க வேண்டும், அழைப்பு வந்து ஷாட் கெடாமல் இருக்க ஏரோப்ளேன் மோடில் வைக்க வேண்டும், திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்ட வேண்டும், நான்கு கைப்பேசிகளிலும் ஃபிரேம் வேகம் (விநாடிக்கு எத்தனை படம் என்பது) ஒன்றாக இருக்க வேண்டும். "ஆக்‌ஷன்" சொல்வதற்கு முன் ஐந்து விநாடியும் நடிப்பு முடிந்த பின் ஐந்து விநாடியும் பதிவு ஓட வேண்டும். பிள்ளைகள் நடிப்பு முடிந்த கணமே பொத்தானை அழுத்திவிடுவார்கள், வெட்டுவதற்கு இடமே இருக்காது. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகும் முன் அன்றைய பதிவுகளைக் குழுவாரியாகக் கணினிக்கு மாற்றி, இன்னொரு நகலும் எடுத்துவையுங்கள். உங்களிடம் இரண்டு மடிக்கணினிகள்தான் இருக்கின்றன என்பது ஒரு வகையில் நல்லதுதான். இரண்டு குழுக்கள் எடுக்கும்போது மற்ற இரண்டும் ஒட்டட்டும்.

பெரியவர் எதைச் செய்யலாம் என்று கேட்டால், ஒலியின் அளவைச் சமப்படுத்துவது, முடிந்த படத்தைக் கோப்பாக ஏற்றுமதி செய்வது, தொலைந்த கோப்பைத் தேடிக்கொடுப்பது ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். எங்கே வெட்டுவது என்பது அவர்களுடையது. இரண்டு குழந்தைகள் ஒரு ஷாட்டுக்காகச் சண்டையிட்டால் இரண்டு விதமாகவும் வெட்டி மற்றக் குழுவுக்குப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்றாவதாக ஒரு வழி அங்கே கிடைக்கும்.

உங்கள் மழைக் காட்சியைப் பற்றி ஒரு சொல். ஆடிய ஷாட்டைக் குறை என்று எண்ணுவது எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம், நானும் அதை நீக்கியிருப்பேன். ஆனால் நீக்குவதற்கு முன் எடுத்தவரைக் கேட்பதுதான் எங்கள் தொழிலின் வழக்கமும். இயக்குநருக்குக் காட்டாமல் எந்தத் தொகுப்பாளரும் ஒரு காட்சியைத் தூக்கிவிடுவதில்லை. அந்தப் படத்தின் இயக்குநர் பத்து வயதுக்காரி என்பதால் அந்த மரியாதை அவளுக்குக் கிடைக்காமல் போயிற்று. மூலப் பதிவு இன்னும் இருக்கிறதா?

மறுமொழி — காதுள்ளவர்

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொலைவில் நிற்கும் கைப்பேசி, பேசுபவரின் குரலைவிடச் சுற்றியுள்ள இரைச்சலைத்தான் அதிகம் பதிவு செய்யும். வசனம் வேண்டாம் என்று கரும்பலகை அவர்கள் சொன்னது இந்த வகையிலும் நல்ல முடிவுதான். கட்டாயம் பேசியே ஆக வேண்டும் என்று ஒரு குழு அடம்பிடித்தால், இன்னொரு கைப்பேசியைப் பேசுபவருக்கு அருகில், படச்சட்டத்துக்கு வெளியே வைத்து ஒலியை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஷாட்டின் தொடக்கத்தில் கேமராவுக்குத் தெரியும்படி ஒருவர் கையைத் தட்டினால், தட்டும் படத்தையும் தட்டிய ஓசையையும் வைத்துப் பிறகு இரண்டையும் பொருத்திவிடலாம். கிளாப் பலகையின் பயன் அதுதான்.

அதைவிட முக்கியமானது, மழையோ காலடியோ கதவோ எதுவாயினும் ஓசையைப் பிள்ளைகளே உண்டாக்க வேண்டும். தாளைக் கசக்கினால் நெருப்பு, தட்டில் அரிசியைக் கொட்டினால் மழை, பழைய கையுறையை உதறினால் பறவையின் சிறகு. வெட்டி முடித்த படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே ஒரு குழு முழுவதும் சேர்ந்து ஓசை எழுப்பும் அந்த அமர்வில், அதுவரை எதிலும் சேராமல் ஒதுங்கியிருந்த பிள்ளைகூட எழுந்து வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பின்னணி இசைக்கு இணையத்திலிருந்து திரைப்பாடலை எடுத்துப் போடாதீர்கள். பதிப்புரிமை ஒரு காரணம். எல்லாருக்கும் தெரிந்த பாடல் வந்த கணத்தில் பிள்ளையின் படம் காணாமல் போய்விடுவது அதைவிடப் பெரிய காரணம்.

மறுமொழி — கரும்பலகை

பின்வரிசை அவர்களுக்கு: நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, முகாமுக்கு வராமல் நின்றுபோன இரண்டு மூன்று பிள்ளைகளின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அவர்கள் ஏன் வரவில்லை என்று நான் அப்போது கேட்கவில்லை. முதல் மூன்று நாள் பயிற்சியில் மட்டும் முறை மாறட்டும், ஐந்தாம் நாள் படப்பிடிப்பு தொடங்கும்போது அவரவர் விரும்பிய பொறுப்பைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று என் அட்டவணையைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டு பேர் ஒரே பொறுப்பைக் கேட்டால் ஷாட்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பயிற்சி நாளிலும் "ஆக்‌ஷன்" என்று வாயால் சொல்ல வேண்டும் என்பதில்லை, கையை உயர்த்தினாலும் அது ஆணைதான்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கலந்தே வைக்கலாம், ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து தனிக்குழுவாக இருக்க விரும்பினால் அவர்களுக்கு ஸ்டாப் மோஷன் கொடுங்கள். பொருளைச் சிறிது நகர்த்தி ஒரு புகைப்படம், மறுபடி நகர்த்தி ஒரு புகைப்படம். விநாடிக்கு 12 படம் என்று வைத்தால் இருபது விநாடிக்கு 240 படங்கள் வேண்டும். கேட்டதும் அவர்கள் மலைப்பார்கள், பிறகு எண்ணிக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள். நகர்த்துகிற கை படத்தில் விழாமல் இருக்க ஒருவர் "கை வெளியே" என்று சொல்ல, அடுத்தவர் பொத்தானை அழுத்த வேண்டும். கைப்பேசியைத் தாங்கும் முக்காலி மேசையில் அசையாதபடி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பொருளுக்குப் பதிலாகப் பிள்ளைகளையே நிறுத்தி, படத்துக்குப் படம் இடம் மாறி நிற்கச் செய்தால், கால் அசையாமல் தரையில் வழுக்கிக்கொண்டு போவார்கள். ஆளை மறையச் செய்வது அதைவிட எளிது: முக்காலியை அசைக்காமல் பதிவை நிறுத்தி, ஆளை வெளியேறச் சொல்லி, மறுபடி தொடங்க வேண்டும். பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியே 1896இலேயே ஒரு பெண்ணைத் திரையில் இப்படித்தான் மறையச் செய்தார்.

ஒன்றை மறந்துவிட்டேன். படங்களை இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் முகாம் தொடங்கும் முன்பே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிள்ளையையும் கேளுங்கள். ஒருவர் மறுத்தாலும் அந்தப் படம் அரங்கத்தோடு நிற்கட்டும்.

மறுமொழி — கோடைக்கூடம்

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேற்று இரு தன்னார்வலர்களோடும் உட்கார்ந்து, உங்கள் மறுமொழிகளை உரக்கப் படித்து அட்டவணையை மாற்றி எழுதினோம். முதல் நாள் ஒரு நிமிட ஷாட்; இரண்டாம் நாள் மூன்று அளவு ஷாட்களும் முகமும் ஊஞ்சலும்; மூன்றாம் நாள் கயிறு; நான்காம் நாள் சீட்டுகள்; ஐந்து முதல் எட்டு வரை எடுப்பதும் ஒட்டுவதும் மாறி மாறி; ஒன்பதாம் நாள் ஓசை. பத்தாம் நாள் காலையை வெறுமையாக விட்டிருக்கிறோம், ஏனெனில் ஏதேனும் ஒரு குழு கடைசி ஷாட்டை மறுபடி எடுக்க வேண்டும் என்று நிச்சயம் கேட்கும்.

தன்னார்வலர்களில் ஒருவருக்குக் கைப்பேசியைத் தொடக் கூடாது என்ற விதியில் தயக்கம் இருந்தது. படம் மோசமாக வந்தால் பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். திரையிடலுக்கு முன் ஒவ்வொரு குழுவும் மேடையேறி, தாங்கள் எடுத்த ஒரு முடிவை மட்டும் சொல்லி, அதை ஏன் எடுத்தோம் என்று விளக்கட்டும் என்று முடிவு செய்தோம். மேடையில் பேச விரும்பாதவர்கள் தங்கள் ஸ்டோரிபோர்டுச் சீட்டைக் காட்டினால் போதும்.

கத்தரியும் பசையும் அவர்களுக்கு: மூலப் பதிவு இருக்கிறது. 41 விநாடிகள். இரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதும் பார்த்தேன். மழை இரைச்சலுக்கு நடுவே அவளுடைய மூச்சுச் சத்தம் கேட்கிறது, கடைசியில் ஓட்டம் நின்று கேமரா மெல்ல மேலே உயர்ந்து ஒரு சன்னலில் போய் நிற்கிறது. அந்தச் சன்னல் வரை நான் சென்ற ஆண்டு பார்க்கவே இல்லை, முதல் பத்து விநாடியிலேயே நீக்கிவிட்டிருக்கிறேன். அந்தச் சிறுமி இந்த ஆண்டும் பெயர் கொடுத்திருக்கிறாள். பழைய படத்தின் பதிவுகள் அனைத்தையும் ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். முதல் நாள் வகுப்பு தொடங்கும் முன் அதை அவளிடம் கொடுத்து, அந்தக் குழுவில் இருந்தவர்கள் விரும்பினால் மறுபடி வெட்டிக்கொள்ள ஒரு மடிக்கணினி மாலையில் ஒரு மணி நேரம் காலியாக இருக்கும் என்று சொல்லப் போகிறேன்.